கம்பஸ் வாசலில் ஒரு கொமினிகேஷன்: பக்கம் பத்து ரூபாய்

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் கம்பஸ் (கிழக்குப் பல்கலைக்கழகம்) வாசலுக்குக் கிட்ட, திருகோணமலை வீதியோடு ஒட்டி நிற்கும் கொமினிகேஷன்களில் ஒன்றுக்கு நான் மூன்று வருடமாகப் போய்வருகிறேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். பலகையில் உள்ள பெயரால் அந்தக் கடையை ஒருவரும் கூப்பிடுவதில்லை என்பது இன்னொன்று. "அண்ணன்ட கடை" என்றால் எங்கள் பெட்ச்சில் எல்லோருக்கும் விளங்கும்.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு வரி. கொமினிகேஷன் என்பது ஒரு காலத்தில் கோல் எடுக்கப் போகும் கடை. இப்போது போன் எல்லோர் கையிலும் இருப்பதால் கோல் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. போட்டோக்கொப்பி, பிரின்ட், தமிழ் டைப்பிங், லமினேட்டிங், பைண்டிங், ரீலோட் எல்லாம் அந்தப் பெயருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

முன்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பேனை, கவர், சி.ஆர். கொப்பி, மிச்சக் காசுக்குப் பதிலாகக் கையில் வைக்கும் டொபி. பின்னால் இரண்டு மெஷின்கள். அதில் ஒன்று எப்போது போனாலும் வாயைத் திறந்துகொண்டு திருத்தத்துக்கு நிற்கும். மூலையில் அண்ணனின் கணினி. அந்தக் கீபோர்ட்டில் ஒரு எழுத்தும் மிச்சமில்லை, எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று வெறும் கறுப்புக் கட்டைகள். அவர் அதைப் பார்ப்பதும் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பார், அடித்துக்கொண்டே வருகிறவர்களோடு கதைப்பார்.

விலை இது: கறுப்பு வெள்ளை ஒரு பக்கம் 10 ரூபாய், முன்னும் பின்னும் என்றால் 15. தமிழ் டைப்பிங் பக்கத்துக்கு 100. ஸ்பைரல் பைண்டிங் தடிப்பைப் பார்த்து 200இலிருந்து மேலே. 2022இல் பேப்பரும் டோனரும் கிடைக்காமல் ஏறிய விலை, பிறகு இறங்கவே இல்லை. அந்த வருடம் கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து நடுச்சாமத்திலும் கடை திறந்தேன் என்பார். பக்கத்து ஊரான செங்கலடியில் ஒன்றிரண்டு ரூபாய் குறைவாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். நூறு பக்கத்துக்கு மேல் என்றால் அங்கே போவது லாபம். அதற்குக் குறைவென்றால் பஸ் காசுக்கும் வெயிலுக்கும் கட்டாது.

அண்ணனுக்கும் கம்பஸுக்கும் வயது ஒன்று. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. அவரும் 1986இல்தான் பிறந்தார். ஏ.எல். பரீட்சை எடுத்தார், கம்பஸுக்கு எடுபட இசட் ஸ்கோர் புள்ளி போதவில்லை. "உள்ளுக்கு விடல்ல, வாசல்ல கடை போட்டுட்டன்" என்று சிரிப்பார். எத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பகிடி என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரியும்.

சரி, ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு ஏன் இவ்வளவு எழுத்து? ஒப்படைதான் காரணம், அதாவது பாடத்துக்கு எழுதிக் கொடுக்கும் அசைன்மென்ட்.

இந்தத் தவணை மொழியியல் பாடத்தில் எங்களுக்கு வந்த தலைப்பு, "நீங்கள் அங்கம் வகிக்கும் மூன்று சொல்லாடல் சமூகங்களை ஒப்பிடுக." சொல்லாடல் சமூகம் என்பதற்கு 1990இல் ஜோன் சுவேல்ஸ் என்ற மொழியியலாளர் ஆறு அடையாளம் சொன்னார். அதன் ஆட்களுக்குப் பொதுவான நோக்கம் இருக்க வேண்டும். ஒருவரோடொருவர் தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும். அந்த வழியால் தகவலும் அபிப்பிராயமும் போய்வர வேண்டும். தங்களுக்கென்று எழுத்து வகைகளும், தங்களுக்கென்று சொற்களும் வேண்டும். புதிதாக வருகிறவர்களைப் பழக்கப் போதுமான பழையவர்களும் வேண்டும். அவர் உதாரணமாக எடுத்தது ஹொங்கொங் முத்திரைகளை ஆராயும் ஒரு சங்கத்தை. அவரும் அதில் உறுப்பினராக இருந்தார். பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்கள், ஒரு சஞ்சிகையால் கட்டுண்டவர்கள்.

நான் எடுத்த மூன்று: எங்கள் வகுப்பு, நான் உதவிச் செயலாளராக இருக்கும் மாணவர் அமைப்பு, ஊரில் அப்பாவின் கூத்து. ஆறு அடையாளத்தையும் கட்டம் போட்டு நிரப்பினேன். மூன்றுக்கும் ஆறும் சரி வந்தது. இரண்டு பக்கத்தோடு ஒப்படை முடிந்துவிட்டது. எல்லாம் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தால் அது ஒப்பீடு இல்லை, வரவுப் பதிவு.

அதே வாரம் மூன்று இடத்துப் பேப்பரும் அண்ணனின் மேசைக்குப் போனது. வித்தியாசம் எனக்குத் தெரிய வந்தது அங்கேதான்.

முதலில் போனது கடிதம். கலைவிழாவுக்கு மண்டபம் கேட்க வேண்டும். எழுதும் பொறுப்பு என் தலையில். நான் இரவிருந்து, விழா ஏன் முக்கியம், போன முறை எத்தனை பேர் ஆடினார்கள், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் உருகி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அண்ணன் டைப் பண்ணத் தொடங்கு முன் முழுதாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இது வாசிக்க நல்லா இரிக்கு. ஆனா இதுக்கு மண்டபம் கிடைக்காது."

கணினியில் "மாதிரி" என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறார். அதைத் திறந்தார். போன வருடம் இதே விழாவுக்கு இதே மண்டபம் கேட்ட கடிதம் அதில் இருந்தது. அதற்கு முந்திய வருடத்துக் கடிதமும் இருந்தது. இரண்டுக்கும் திகதியும் கையெழுத்திடுகிறவர் பெயரும்தான் வேறு. ஒன்பது வரி. "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கி "தங்களின் மேலான அனுமதியை வேண்டி நிற்கின்றோம்" என்று முடியும். பெறுநருக்குக் கீழே தனியாக ஒரு சொல்: ஊடாக. யார் வழியாகக் கடிதம் மேலே போக வேண்டுமோ, அவருடைய பதவி அந்தச் சொல்லுக்குக் கீழே வரும். என் ஒன்றரைப் பக்கத்தில் அந்தச் சொல் இல்லை. "ஊடாக இல்லாட்டி இது கடிதம் இல்ல, காயிதம்" என்றார்.

திகதியை மாற்றி அடித்தோம். மண்டபம் கிடைத்தது. (முந்திய குழு ஒன்று திகதியை மாற்ற மறந்து, பழைய வருடத்தோடேயே கொடுத்துவிட்ட கதையும் உண்டு. அது எந்த அமைப்பு என்று கேட்காதீர்கள், எங்கள் அமைப்புத்தான்.)

அடுத்தது கூத்துக் கொப்பி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடையின் பெறுமதி எனக்கு விளங்கியதே இதில்தான்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அப்பா ஏட்டண்ணாவியார். மத்தளம் அடிக்கிறவர் மத்தள அண்ணாவியார், கொப்பியைக் கையில் வைத்துப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர் ஏட்டண்ணாவியார். இந்த வருடம் பாரதக் கதையில் ஒரு வடமோடிக் கூத்துப் பழகுகிறார்கள். கொப்பி அப்பப்பாவின் கையெழுத்து. நீல மை மண்ணிறமாகி, தாள் ஓரம் அப்பளமாகிவிட்டது. அப்பாவுக்கும் பார்வை குறைந்துவிட்டது. "பெரிய எழுத்தில அடிச்சுக் கொண்டு வா மகள்" என்று ஷொப்பிங் பேக் ஒன்றில் சுற்றித் தந்து விட்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்தபடி ஒரு தூக்கம்கூடத் தூங்கவில்லை நான்.

தொண்ணூற்றாறு பக்கம். அண்ணன் நான்கு நாள் எடுத்தார். இடையில் கூப்பிட்டார், போனேன். திரையில் கூத்துப் பாட்டுகள், பாதி விருத்தம், பாதி தரு. கொப்பியை விரித்து ஒரு வரியின் மேல் பேனை முனையை வைத்தார். கடைசிச் சொல்லுக்கு மேலே மிளகளவு ஒரு வட்டம்.

"இது என்ன?"

"மை சிந்தினது அண்ணன். விடுங்க."

"ஒரு கொப்பியில ஏழு இடத்தில, அதுவும் கடைசிச் சொல்லுக்கு மேல மட்டும் மை சிந்துமா புள்ள?"

பக்கங்களைப் புரட்டி ஏழையும் காட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பாவுக்குக் கோல் எடுத்தேன். "அது மத்தளம் நிக்கிற இடம். அதில பக்கப்பாட்டுக்காரர் எடுக்கக் கூடாது" என்றார், இது தெரியாதா என்ற குரலில். சின்ன வயதிலிருந்து அந்தக் கொப்பியைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. களரியில், அதாவது கூத்தாடும் அரங்கில், நிற்கும் யாருக்கும் சொல்லத் தேவையும் இருந்ததில்லை. கொப்பியின் மணம்கூட அறியாத ஒரு மனிதர், ஏழு தடவை ஒரே இடத்தில் வருவது தற்செயல் இல்லை என்று பிடித்துவிட்டார்.

சுவேல்ஸ் தன் ஆறு அடையாளத்தை 2016இல் திரும்பப் பார்த்து எட்டாக்கினார். புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று, ஒரு சமூகத்தார் தங்களுக்குள் சொல்லாமலே விடக்கூடியவை பற்றியது. ஒரு கூட்டத்தை அதன் பேச்சில் மட்டும் தேடினால் பாதிதான் அகப்படும் என்று நான் அதை விளங்கிக்கொண்டேன். எங்கள் ஏழு வட்டமும் அந்த மிச்சப் பாதியைச் சேர்ந்தவை.

கொப்பியில் சொற்கள் பாடுகிற மாதிரியே எழுதப்பட்டிருந்தன. ஓரிடத்தில் நெடில் வர வேண்டிய இடத்தில் குறில், ஓரிடத்தில் ஒற்று இல்லை. நான் மூன்றாம் வருட மொழியியல்காரி அல்லவா, திருத்துங்கள் என்றேன். அண்ணன் மறுத்துவிட்டார். "கொப்பாட்ட கேட்டுப் போட்டுத் திருத்துவம். தாளத்துக்கு வெட்டி இரிக்கும்." அப்பா அதையேதான் சொன்னார். மரண அறிவித்தலில் எழுத்துப்பிழை விட்டால் அடுத்த நாள் கடைக்கு முன்னால் சண்டை வரும், கூத்துக் கொப்பியில் எழுத்துப்பிழையைத் திருத்தினால் களரியில் சண்டை வரும். இந்த இரண்டையும் ஒரே மேசையில் இருந்து அறிந்து வைத்திருக்கிறார் மனிதர்.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் யார் இயற்றியது என்று இல்லை. ஆனால் பார்த்து எழுதியவர்கள் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. அப்பப்பா, அவருக்கு முன் இரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் வருடமும் மாதமும், கீழே "பிழை இருந்தால் பொறுத்தருள்க" என்ற வரி. அண்ணன் அதையும் அப்படியே அடித்துவிட்டு, கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "கொப்பாட பேரைப் பேனையால எழுதட்டும். அது டைப் பண்ற விசயம் இல்ல."

மூன்றாவது, என் ஒப்படை. இங்கே சட்டம் நேரெதிர். ஒவ்வொரு பக்கத்திலும் என் சுட்டெண் (மாணவர் இலக்கம்) வர வேண்டும், ஆனால் "நான்" என்ற சொல் எங்கும் வரக் கூடாது. "நான் பார்த்தேன்" என்று எழுதினால் சிவப்புக் கோடு, "அவதானிக்கப்பட்டது" என்றால் சரி. மற்றவர் எழுதியதைப் பார்த்து எழுதினால் திருட்டு. அப்பப்பா கொப்பியில் செய்ததை நான் ஒப்படையில் செய்தால் பூச்சியம்.

எனக்கு ஒப்படை பிடிபட்டது அந்த இடத்தில். மூன்று சமூகத்துக்கும் நோக்கம் வேறு, சொல் வேறு என்று எழுதுவது யாராலும் முடியும். கொப்பி பண்ணுவது என்றால் என்ன என்பதில்தான் மூன்றும் ஒன்றையொன்று கண்டு முகம் திருப்புகின்றன. அமைப்பில், போன வருடக் கடிதத்தைப் பார்த்து எழுதாதவன் விசயம் தெரியாதவன். கூத்தில், பார்த்து எழுதுவதே படிப்பு. கையால் ஒரு கொப்பி எழுதி முடித்தவனுக்கு அரைக் கூத்து மனப்பாடம். வகுப்பில் அதே வேலை குற்றம். இந்த மூன்றும் ஒரே மெஷினில், ஒரே டோனரில், பக்கம் பத்து ரூபாய்க்கு வெளியே வருகின்றன.

வகுப்பும் அவ்வளவு சுத்தம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பரீட்சைக்கு முன் குப்பி நடக்கும். விளங்கிய ஒரு ஆள் விளங்காத பத்துப் பேரை இருத்திப் படிப்பிப்பது குப்பி. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் இருந்து வந்த பெயர் என்கிறார்கள். அந்தக் குப்பி நோட்ஸ் இந்தக் கடையில் அறுபது எழுபது கொப்பி அடிபடும். எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாறு தலைமுறை கொப்பியின் கொப்பி. ஓரமெல்லாம் சாம்பல், ஓரிடத்தில் யாரோ ஒரு சீனியரின் தேநீர்க் கோப்பை வட்டமும் சேர்ந்து அச்சாகியிருக்கிறது. எழுதியவர் இப்போது எங்கேயோ ஆசிரியராக இருப்பார். அவருடைய பெயர் எந்தத் தலைமுறையிலோ வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அதற்கு ஒருவரும் திருட்டு என்று பெயர் வைக்கவில்லை. ஒப்படை தனி ஆளுடையது, குப்பி எல்லோருடையது. இந்த விதி எந்தக் கையேட்டிலும் இல்லை, ஜூனியர்கள் இரண்டு மாதத்தில் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள்.

இதில் அண்ணன் செய்யும் ஒரு சேவைக்குப் பலகையில் விலை இல்லை. ஒப்படை டைப் பண்ணும்போது சில நேரம் கையை நிறுத்துவார். "தங்கச்சி, இந்தப் பந்தி நேற்றும் வந்தது." யாருடையதில் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், கெஞ்சியும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வசனம் எங்கள் பெட்ச்சில் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எண்ணும் முறையையும் சொல்ல வேண்டும். ஒப்படை என்றால் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று வேகமாக எண்ணுவார். கோயில் சடங்கு நோட்டீஸ் என்றால் முதல் தாளைத் தூக்கி "லாபம்" என்பார், அடுத்ததுதான் "ரெண்டு". களவெட்டியில் நெல் அளக்கும் வழக்கம் அது. அங்கே நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள், முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். அவருடைய அப்பாவும் வெள்ளாண்மைக்காரர். கூத்துக் கொப்பியையும் லாபத்தில் தொடங்கித்தான் எண்ணித் தந்தார்.

இனிக் குறைகள்.

பைண்டிங்கில் இந்தக் கடையை நம்ப வேண்டாம். போன தவணை எனக்கு 12ஆம் பக்கத்துக்குப் பிறகு 15 வைத்து, 13உம் 14உம் கடைசியில் வைத்துக் கட்டிவிட்டார். இலவசமாகக் கழற்றித் திரும்பக் கட்டினார்தான், ஆனால் கையளிக்கும் நேரத்துக்கு நாற்பது நிமிடமே இருந்தது. நான் வீதியைக் கடந்து ஓடிய ஓட்டத்தைப் பார்த்த காவலாளி இன்றைக்கும் பகிடி பண்ணுகிறார். கட்டு முன் நீங்களே பக்கம் பார்த்துக் கொடுங்கள்.

பாமினி இன்னொரு தலையிடி. கடையில் அடித்த கோப்பை வீட்டில் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது வைரஸ் என்று நினைத்துக் கோப்பையே அழித்துவிட்டேன். யுனிகோட்டில் வேண்டும் என்று முதலே சொல்லிவிட வேண்டும். முகத்தைச் சுளிப்பார், ஆனால் செய்வார். வைரஸும் இல்லாமல் இல்லை. பென்டிரைவை அந்தக் கணினியில் குத்தினால் வீட்டுக்கு வந்து என்ன திறக்கும், என்ன திறக்காது என்று சொல்ல முடியாது. வட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் பாதுகாப்பு. அதிலும் "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "இதுதான் ஃபைனல்" என்று பெயர் வைத்து அனுப்பாதீர்கள். அவர் போனில் அந்தப் பெயர்களில் இருநூறு இருக்கும். சுட்டெண்ணைக் கோப்புப் பெயராகப் போடுங்கள்.

வாசிப்பார் என்பதையும் குறையில் சேர்க்க வேண்டும். எனக்கு அது உதவியாக இருந்தது, எல்லோருக்கும் இருக்காது. காதல் கடிதம், மருத்துவ அறிக்கை, வீட்டுச் சண்டைக் காகிதம் இருந்தால் வேறு கடைக்குப் போங்கள். வெளியில் சொல்ல மாட்டார், ஆனால் அவர் வாசிக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதுவே போதும் கூச்சத்துக்கு. பில் தருவதில்லை. பகல் ஒன்று முதல் இரண்டு வரை கடை திறந்திருக்கும், ஆள் இருக்காது. கையளிப்புத் திகதிக்கு முதல் நாள் போனால் வரிசை வீதிவரை நிற்கும்.

ஒப்படைக்காக வாசிக்கும்போது சுவேல்ஸின் 1990ஆம் ஆண்டு நூலில் ஒரு புதிர் அகப்பட்டது. ஒரே ஊரில் கஃபே வைத்திருக்கும் சிலர். ஒரே விதமான வாடிக்கையாளர், ஒரே விதமான தகவல்கள், ஒரே விதமான பேச்சும் எழுத்தும். ஆனால் நாள் முழுக்கத் தங்கள் கடையிலேயே இருப்பதால் ஒருவரோடொருவர் கதைத்ததே இல்லை. இவர்கள் ஒரு சொல்லாடல் சமூகமா? இல்லை என்ற பக்கம்தான் அவர் சாய்கிறார். ஒரேமாதிரி வேலை செய்தால் மட்டும் போதாது, தங்களுக்குள் போக்குவரத்து வேண்டும்.

இந்த வீதியில் எத்தனை கொமினிகேஷன்! எல்லோரும் அதே கடிதம், அதே மரண அறிவித்தல், அதே ஒப்படை. அண்ணனிடம் கதையைச் சொல்லி, "அப்ப நீங்க ஒரு சமூகமும் இல்ல அண்ணன்" என்றேன். கொஞ்சம் வெற்றிக் களிப்போடுதான் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து ஒரு வட்ஸ்அப் குழுவைக் காட்டினார். இங்கிருந்து செங்கலடி, ஏறாவூர், சித்தாண்டி வரை கடை வைத்திருப்பவர்கள். ஒருவர் டோனர் எங்கே மலிவு என்று கேட்கிறார். ஒருவர் இறந்தவருக்கான 31ஆம் நாள் சடங்கு அழைப்புக்கு நல்ல மாதிரி ஒன்று அனுப்பச் சொல்கிறார். ஒருவர், கள்ளத் தாளோடு ஒரு ஆள் சான்றிதழில் பெயர் மாற்றி அடிக்கக் கேட்டு வந்தான், நீலச் சேட், கவனம் என்று குரல் பதிவு போட்டிருக்கிறார். புதிதாகக் கடை போட்ட ஒரு பொடியனுக்கு "ஊடாக எங்க வரும்" என்று மூன்று பேர் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆறு அடையாளமும் நான் எண்ணி முடிக்கு முன்பே திரையில் ஓடிவிட்டன.

"நீ எழுதினதில நாங்க இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு மாதிரியாக இருந்தது. மூன்று சமூகத்தின் எழுத்தையும் அந்தச் சமூகத்தாரை விட நுணுக்கமாக அறிந்தவர், மூன்றிலும் இல்லை. எனக்கும் அது முழுதும் புதிதல்ல. எங்கள் ஊர்க் கூத்தில் பெண்பிள்ளைகள் இன்னும் களரியில் ஏறுவதில்லை. பெண் வேடத்துக்கும் ஆண்கள்தான் சீலை உடுக்கிறார்கள். தொண்ணூற்றாறு பக்கப் பாட்டும் எனக்குப் பாடம், ஆனாலும் அரங்கேற்றத்தன்று நான் பாயில் இருந்து பார்க்கும் ஆள். அது என்னுடைய சமூகம் என்று ஒப்படையில் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதியிருந்தேன். அங்கம் வகிக்கும் என்ற தலைப்புச் சொல்லைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். கூத்து பற்றிய பகுதியை முழுதாக வெட்டிவிட்டுப் புதிதாக எழுத ஒரு இரவு போனது.

டைப் பண்ணின கொப்பி எப்படி என்று கேட்பீர்கள். எழுத்து 16இல், ஸ்பைரல் கட்டு. (இதற்குப் பக்கங்களை நானே இரண்டு தடவை பார்த்தேன்.) விரித்தால் உள்ளங்கையில் படிந்து நிற்கிறது, பழைய கொப்பி மாதிரி மூடிக்கொள்வதில்லை என்று அப்பாவுக்குச் சந்தோசம். பிளாஸ்டிக் மட்டையில் களரி வெளிச்சம் பட்டுக் கண்ணுக்கு அடிக்கிறது என்று இரண்டாம் நாளே மட்டையைக் கிழித்துவிட்டார். பழைய கொப்பியையும் அதற்கு அடியில் சேர்த்தே பிடித்துக்கொள்கிறார். ஏழு வட்டமும் அச்சில் தெளிவாக இருக்கிறது, பழையதைப் பார்க்கத் தேவையே இல்லை. கடைசிப் பக்கத்தில் அண்ணன் விட்ட இடத்தில் தன் பெயரையும் திகதியையும் எழுதினார். இரண்டு வரியில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது. மற்றதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒப்படையின் கடைசியில் கடையைப் பற்றி ஒரு பக்கம் சேர்த்தேன். கஃபேக்காரர் புதிரும் வட்ஸ்அப் குழுவும். "அவதானிக்கப்பட்டது" என்றுதான் எழுதினேன், பெயர் போடவில்லை. அனுப்பிவிட்டுப் பின்னேரம் போனேன். பிரின்ட் எடுக்கு முன் வழக்கம்போல் வாசித்தார். அந்தப் பக்கம் வந்ததும் கீழே உருட்டும் விரல் நின்றது. வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார்.

"ரெண்டாம் பந்தியில ஒரு இடைவெளி கூடிப் போச்சு" என்றார். திருத்தினார். மெஷினில் கொடுத்தார். சூடாக வந்த தாள்களை மேசையில் தட்டி அடுக்கி, மேலே இருந்ததைத் தூக்கினார்.

"லாபம்… ரெண்டு… மூண்டு…" பதினேழு வரை எண்ணினார். "நூற்றியெழுபது."

இருநூறு கொடுத்தேன். இருபது ரூபாயும் இரண்டு டொபியும் தந்தார்.